செயின் மாட்டாத நாலு சீட்டு வண்டி

எட்டுக்கல்பட்டி பைபாஸ் ஓரத்துப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கட்டிய நாலு சீட்டு மிதிவண்டி, செயின் மாட்டுவதற்கு முன்பாகவே, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால் மணிக்கு, ஒர்க்‌ஷாப்புக்கு டீ வந்துபோன கொஞ்ச நேரத்தில், தானாக ஓட ஆரம்பித்தது. அதைக் கண்டு யாரும் மயங்கி விழவில்லை. லேத்தில் நின்றிருந்த இன்ஸ்ட்ரக்டர், கதவுக்குப் போன வாரந்தான் பெயின்ட் அடித்திருக்கிறது, பார்த்துப் போங்கப்பா என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வண்டியில் அப்போது மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சாத்தான்குளம் பக்கத்து ஜெபஸ்டின், வெல்டிங்கில் கை தேர்ந்தவன். இன்னொருவன் கடையநல்லூர் மைதீன், எந்நேரமும் பசியோடு இருப்பவன், யாரைப் பற்றி என்ன குறை சொன்னாலும் "பாவம்டா அவரு" என்று ஆரம்பிக்கிற இளகிய மனசுக்காரன். மூன்றாவது உள்ளூர்க்காரி பொன்மாரி, பேச ஆரம்பித்தால் கமா மட்டும் போடுவாள், முற்றுப்புள்ளி வைக்க மாட்டாள். நாலாவது ஆளும் குழுத் தலைவியுமான செண்பகவல்லி அங்கே இல்லை. வாங்கி வந்த செயினின் கண்ணி ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி, அதை மாற்றிக்கொண்டு வர மூன்றாவது தடவையாகக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியிருந்தாள். அவள் இல்லாத நிம்மதியில் மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டில் சாய்ந்துகொண்டு அவளைப் பற்றித்தான் பேசினார்கள், வஞ்சகமில்லாமல் ஒரே மனசாகப் பேசினார்கள், மைதீன்கூட அன்றைக்குப் பாவம் என்று சொல்லவில்லை, அந்த நேரத்தில்தான் சக்கரம் உருண்டு, வண்டி ஒர்க்‌ஷாப் கதவைத் தாண்டி, சிமென்ட் சரிவில் இறங்கி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

செண்பகவல்லி திரும்பி வந்தபோது வண்டி வெயிலில் நின்றது. அவள் சாத்தூரில் லாரி எடைமேடை வைத்திருப்பவரின் மகள். எந்த லாரியும் எடை போடாமல் தன் வீட்டு வாசலைக் கடந்து போய் அவள் பார்த்ததில்லை, அதனால் எதையும் அளக்காமல் விடுவது அவளுக்குக் கைவராது. தோள்பையில் எந்நேரமும் ஒரு வெர்னியர் இருக்கும், தகட்டின் கனத்தை மயிரிழை சுத்தமாக அளந்து சொல்கிற கருவி. அதனாலேயே அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வெர்னியர் என்று பெயர். முதலாண்டில் ஐஸ் குச்சிப் பாலம் கட்டிய குழு மூன்றாவது வாரமே அவள் வேண்டாம் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தது. இரண்டாம் ஆண்டில் தண்ணீர் ராக்கெட் விட்ட குழுவும் அதே மூன்றாவது வாரத்தில் எழுதிக் கொடுத்தது. இது மூன்றாவது குழு, எட்டு வாரமாகிவிட்டது, இன்னும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தத் தடவையும் எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடு சேர்ந்து முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கோமதிநாயகம் அவளிடம் சொல்லியிருந்தார். ஜூனியர்களோடு செய்வதில் அவளுக்கு வருத்தமில்லை. யாருமே தன்னை வைத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

செயின் இல்லாமல் எப்படி இங்கே வந்தது என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெச்.ஓ.டி.யைக் கொஞ்சம் திட்டிக்கொண்டிருந்தோம், வண்டி நகர்ந்துவிட்டது என்று பொன்மாரி சொன்னாள். செண்பகவல்லி அதில் ஆச்சரியப்படவில்லை. எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டாள், டேப் எடுத்து அளந்தாள், தொண்ணூற்றாறு மீட்டர் என்று நோட்டில் எழுதினாள், மாற்றிக்கொண்டு வந்த செயினை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வாரத்துக்குள் வண்டியின் சுபாவம் பிடிபட்டுவிட்டது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும், உட்காராத ஒரு ஆளைப் பற்றி, ஒரே மனசாகக் குறை பேசினால் வண்டி முன்னால் போகும். ஒருவர் பேசாமல் இருந்தாலும் வேகம் குறையும். ஒருவர் பரிந்து பேசினால் பிரேக் பிடித்தது போல நின்றுவிடும். செண்பகவல்லி முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராக வைத்துச் சோதித்தாள். ஹெச்.ஓ.டி.யை வைத்துப் பதினோரு மீட்டர் போனார்கள், அதற்குள் மைதீன், பாவம்டா, அன்னிக்கு மழையில அவரு குடையை எனக்குக் குடுத்தாரு என்று சொல்லி நிறுத்திவிட்டான். கேன்டீன்காரரை வைத்து ஏழு மீட்டர், சாம்பாருக்குக் காரணம் காண்டிராக்டர்தான் என்று ஜெபஸ்டின் நியாயம் பேசினான். ஹாஸ்டல் வார்டனை வைத்து இருபத்திரண்டு மீட்டர், அதற்குமேல் பொன்மாரிக்கு வார்டன் சொந்தத்தில் சித்தி முறை என்று தெரியவந்தது. நாலு பேரும் சேர்ந்து வெறுக்கிற மாதிரி ஒரு மனுஷன் கிடைக்காமல் செண்பகவல்லி பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் அவள் ஸ்பேனர் எடுக்க ஸ்டோருக்குப் போய்விட்டுத் திரும்பினால் வண்டி நூலக வாசலில் நிற்கும், ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டு வந்தால் பஸ் நிறுத்தும் இடத்தில் நிற்கும். அதையும் அளந்து, தேதி நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்தாள்.

இதற்கிடையில் ஊர் வந்து சேர்ந்தது. பொன்மாரியின் அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தார். மகள் செய்ததைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று மூன்று சிநேகிதிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சும்மா உட்கார்ந்து பார்த்து, அன்றைக்கு வராத ஐந்தாவது சிநேகிதியைப் பற்றி இயல்பாக நாலு வார்த்தை பேச, வண்டி கல்லூரி கேட்டைத் தாண்டி, பைபாஸில் ஏறி, டோல்கேட்டில் நின்று வரிசையில் காத்திருந்து, பேச்சுக் குறையாமல் சாத்தூர் போய், வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு, போன வழியிலேயே, போனபோது விட்டுப்போன விஷயங்களைப் பேசிக்கொண்டு திரும்பி வந்தது. அதற்கப்புறம் சனி ஞாயிறுகளில் கல்லூரி வாசலில் கூட்டம் நின்றது. வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தார்.

நாத்தனார் நாலு பேர் அண்ணன் பெண்டாட்டியை வைத்துச் சங்கரன்கோவில் போய்த் தரிசனம் முடித்து வந்தார்கள். மறுவாரம் அந்த அண்ணன் பெண்டாட்டி தன் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அதே நாத்தனார்களை வைத்துத் திருச்செந்தூரே போய்விட்டு வந்து, இன்னும் பேச்சு மிச்சமிருக்கிறது என்று சொல்லி ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆம்பளைகள் புறம் பேச மாட்டார்கள் என்று டீக்கடையில் சத்தியம் செய்த நாலு பேர், அதை நிரூபிக்க ஏறி உட்கார்ந்தவர்கள், மச்சினன் என்று ஒருவர் வாயெடுத்ததும் கயத்தாறு வரை போய்விட்டார்கள். அரசியல்வாதிகளை வைத்து வண்டி ஒரு அடிகூட நகரவில்லை, நாலு பேர் ஏறினால் நாலு கட்சியாக இருந்தது. ஊரில் கல்யாணம் காதுகுத்துக்கு வராமல் இருக்கிற பழக்கமே அற்றுப்போனது, வராதவர்களை வைத்துப் பந்தி முடிந்ததும் வண்டி கிளம்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வந்தவர்களும் முதல் ஆளாக எழுந்து போகப் பயந்து, மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கும் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்கு யாரோ எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் மறித்து லைசென்ஸ் கேட்டார், காலியாக இருந்த சீட்டில் ஏறிக்கொண்டார், அவருடைய இன்ஸ்பெக்டரை வைத்து எல்லோரும் சீக்கிரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பின்னால் மட்டும் வண்டி போகவே இல்லை. வருஷக் கடைசியில் நடக்கிற வண்டித் தேர்வின் விதியில் ரிவர்ஸ் கட்டாயம் என்று இருந்ததால் செண்பகவல்லிக்கு அது கவலையாக இருந்தது. ஒருநாள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்கள் நாலு பேர் ஏறி, யாரையோ குறை பேச ஆரம்பித்து, பேச்சு எப்படியோ திரும்பி, முப்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன கண்டக்டர் ஒருவரைப் பற்றிப் போய்விட்டது. சில்லறை இல்லாத பிள்ளைகளை அவர் ஒருநாளும் இறக்கிவிட்டதில்லை என்று ஒருவர் சொல்ல, மற்ற மூன்று பேரும் ஆமாம் என்று தலையாட்ட, வண்டி இரண்டு முழம் பின்னால் வந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. புகழ்ந்தால் ரிவர்ஸ், ஆனால் நெஞ்சிலிருந்து புகழ வேண்டும். கோயில் கமிட்டிக்காரர்கள் ஏறி, ராஜகோபுரத்துக்குக் கொடுத்த நன்கொடையாளரை மூச்சுவிடாமல் பாராட்டிப் பார்த்தார்கள், வண்டி அசையவில்லை, கடைசியில் ஒரு சக்கரம் லேசாக முன்னால் போனது. ஊரார் ஒவ்வொருவராக முயன்று பார்த்தும், நல்லவருதான் ஆனா, என்று நாலாவது ஆள் இழுப்பார், வண்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு ரிவர்ஸை ஊர் மறந்துவிட்டது, திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளித் திருப்பிக்கொண்டார்கள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது செண்பகவல்லிக்கு இரண்டு நாள் காய்ச்சல். திரும்பி வந்து நோட்டைப் புரட்டி, மற்றவர்கள் குறித்து வைத்திருந்த தூரத்தைப் பார்த்தாள். நானூற்றுப் பத்து மீட்டர், முதல் நாள். ஐந்நூற்று எழுபது, இரண்டாம் நாள். அவளுக்குச் சந்தேகம் என்பது வந்தால் மனசில் வைத்து மறுகத் தெரியாது, அட்டவணைதான் போடத் தெரியும். ஒரு பக்கம் தூரத்தை எழுதினாள், எதிர்ப்பக்கம் அந்த நேரத்தில் தான் இருந்த இடத்தை எழுதினாள். அவள் வண்டியில் இருந்த நாட்களில் இருபத்திரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. அவள் எவ்வளவு தூரம் போனாளோ, எவ்வளவு நேரம் திரும்பி வரவில்லையோ, அந்தக் கணக்குக்குச் சரியாக வண்டி ஓடியிருந்தது. கோடு போட்டுப் பார்த்தால் நேர்க்கோடு வந்தது. அவள் வாழ்நாளில் போட்ட கோடுகளிலேயே இவ்வளவு சுத்தமான கோடு வேறில்லை.

நோட்டைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப் மேஜையில் விரித்து வைத்தாள். மூன்று பேரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஹெச்.ஓ.டி.யை வச்சு இவ்வளவு தூரம் போகாது," என்றாள். "யாரைப் பத்திப் பேசுவீங்க?"

மைதீன் வடையை அப்படியே கையில் வைத்திருந்தான். பொதுவா எல்லாரையும் பத்தித்தான் என்று பொன்மாரி ஆரம்பித்தாள், அவளுக்கே அது எடுபடவில்லை.

"உன்னைப் பத்தித்தான்," என்றான் ஜெபஸ்டின்.

"என்னன்னு?"

"அது வண்டியில உக்காந்தாத்தான் வரும். இப்பக் கேட்டா ஞாபகம் வரல."

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான். ஆனாலும் செண்பகவல்லிக்கு வலித்தது. முன்னே இரண்டு குழுக்கள் எழுதிக் கொடுத்தபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது, அந்தக் குழுக்களை அவளுக்கு இவ்வளவு பிடித்திருக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு, அழுகிற முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவரோரம் திரும்பி நின்று, ஏதாவது வேலை செய்கிற பாவனைக்காக ஜெபஸ்டினின் டூல்ஸ் பெட்டியைத் திறந்து பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினாள். ஸ்பேனருக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. எடுத்து விரித்தாள்.

குழுவிலிருந்து ஒரு மாணவரை மாற்றக் கோரும் படிவம். செண்பகவல்லி என்று பெயர் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தேதி மூன்றாவது வாரத்துத் தேதி. தாளின் நட்ட நடுவில் வட்டமாக, வாழைக்காய் பஜ்ஜி அகலத்துக்கு, மேலும் கீழுமாக ஏழெட்டு எண்ணெய்க் கறை. பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிந்திருக்கிறார்கள். ஹெச்.ஓ.டி. கைக்குப் போக வேண்டிய படிவத்தில் பதினோரு வாரத்துக்கு முன்னால் யாரோ பஜ்ஜி வைத்துத் தின்றுவிட்டு, பிறகு வேறொரு படிவம் வாங்கப் போகவே இல்லை. செண்பகவல்லி கறையின் குறுக்களவை வெர்னியரால் அளந்தாள். எதற்காக அளந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஐந்து சென்டிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர். அளந்து முடித்தபோது அழுகை நின்றிருந்தது.

தாளை இருந்தபடியே மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள். தேர்வன்று ஒரு சீட்டில் புறத்தேர்வாளர் உட்கார வேண்டும், ஆகவே மூன்று பேர்தான் ஏற முடியும், ஒருவர் கீழே கொடி பிடிக்க வேண்டும். அவள் ஓட்டுவது, மைதீன் கொடி பிடிப்பது என்றுதான் அதுவரைக்கும் ஏற்பாடு.

"கொடி நான் பிடிக்கிறேன்," என்றாள். "மைதீன் ஏறிக்கட்டும். பொன்மாரி ஓட்டட்டும். நீங்க பேச வேண்டியதைப் பேசுங்க."

வேண்டாம் என்றான் மைதீன். நீ வரைஞ்ச வண்டிடி, நீ இல்லாம என்னடி, என்றாள் பொன்மாரி. நான் இருந்தா இருபத்திரண்டு மீட்டர், நானூறு மீட்டர் போகணும், என்று செண்பகவல்லி நோட்டைத் தட்டிக் காட்டினாள். ஜெபஸ்டின் ஒரு சிக்கலைச் சொன்னான். அந்தத் தேர்வாளருக்கு உன்னைத் தெரியவே தெரியாதே, அவரும் ஒரே மனசாப் பேசணுமே.

"அதை நான் பாத்துக்கிறேன்," என்றாள் அவள்.

புறத்தேர்வாளர் ஞானசிகாமணி ராஜபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருபத்தேழு வருஷம் பாடம் எடுத்தவர். நல்ல ஆகிருதி. அன்று காலையிலிருந்து மூன்று குழுக்களின் வண்டிகளில் ஏறி இறங்கியிருந்தார். முதல் வண்டியின் சீட்டு முனகியது, இரண்டாவது சாய்ந்தது, மூன்றாவது அவரை உட்கார வைத்துக்கொண்டு பக்கென்று கழன்றது, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவர் பார்த்திருந்தார். நாலாவது வண்டிக்கு வந்தவர் குனிந்து பார்த்து, செயின் எங்கம்மா என்று கேட்டார். எரிபொருள் கூடாது, பேட்டரி கூடாது, மனித முயற்சியால் மட்டும் ஓட வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது சார், செயின் வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை, என்றாள் செண்பகவல்லி. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, புறம் பேசுவதும் மனித முயற்சிதான் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய மனைவி போன மாதமே சகோதரிகளோடு வந்து இந்த வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வந்திருந்தார். யாரை வைத்துப் போனீர்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குமேல் செண்பகவல்லி ஆரம்பித்தாள். சார், எடை பார்க்கணும் என்று ஒரு எடை மிஷினைத் தூக்கி வந்து அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் அவர் காலடியில் வைத்தாள். எனக்கா என்று கேட்டார். ஆமா சார், ஷூவைக் கழட்டணும், பாக்கெட்டுல சாவி இருந்தா அதையும் எடுத்துடுங்க, என்றாள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ நானூறு கிராம். அதைக் கரும்பலகையில் எழுதினாள். எழுதிவிட்டு அவருடைய சீட்டின் போல்ட்டைக் கழற்றி இரண்டு துளை பின்னால் தள்ளி முடுக்கினாள், நாலு தடவை ஆட்டிப் பார்த்தாள். ஹெல்மெட் வாரில் இரண்டு விரல் நுழைகிறதா என்று அவர் தாடைக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு தன்னுடைய ஸ்டாப்வாட்சை அவருடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, சார், உங்களது நிமிஷத்துக்கு ஒரு செகண்ட் மெதுவா ஓடுது, இதுக்கு முன்னால ஓடின மூணு வண்டிக்கும் நேரம் தப்பு, என்றாள். கடைசியாக, மதிப்பெண் தாளில் நேற்றைய தேதி போட்டிருக்கீங்க என்றாள். இதெல்லாம் வேண்டுமென்றே செய்தாளா, அவள் சுபாவமே இதுதானா என்று கேட்டால், தேதி வரைக்கும் சுபாவம். தேதியைத் திருத்தியபின், கையெழுத்தும் கோட்டுக்கு வெளியே போயிருக்கு சார், என்று சேர்த்ததுதான் வேண்டுமென்று செய்தது. ஞானசிகாமணியின் காது சிவந்துவிட்டது. போதும் போய்க் கொடியைப் பிடிம்மா என்றார்.

அவள் மைதானத்துக் கோடியில் வேப்பமரத்தடியில் போய் நின்று கொடியைத் தாழ்த்தினாள்.

வண்டி ஒரு நொடி சும்மா நின்றது. அப்புறம், யாரு சார் இந்தப் பொண்ணு, என்று பொன்மாரி பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான், வண்டி துள்ளிக் கிளம்பியது. மரத்தடியைக் கடந்து போகும்போது செண்பகவல்லிக்கு எல்லாம் கேட்டது. ஒரு நட்டு முடுக்கினா நாலு தடவ திரும்பி வந்து பாப்பா, நம்ம முடுக்கினதா நம்பவே மாட்டா என்றான் ஜெபஸ்டின். என் டிபன் பாக்ஸ் மூடி சரியா மூடலன்னு சாப்பிட விடாம அரைமணி நேரம் அதை நிமித்திக்கிட்டு இருந்தா என்றான் மைதீன். பிறந்தநாள் கேக்கை ஸ்கேல் வச்சு வெட்டினா சார் என்றாள் பொன்மாரி. என் கையெழுத்தையே குறை சொல்றா என்றார் ஞானசிகாமணி, மற்ற மூன்று பேரையும்விட உரக்க, இருபத்தேழு வருஷத்து மனக்குறையும் அதில் சேர்ந்துகொண்டது போல. வண்டி பறந்தது. வளைவில் இரண்டு சக்கரத்தில் திரும்பியது. மைதானத்தைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

கேட்டுக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது, நடுவில் ஒருதரம் சிரிப்பும் வந்தது. சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றே ஒன்றுதான் தப்பு, கேக்கை அவள் ஸ்கேல் வைத்து வெட்டவில்லை, நூல் பிடித்து வெட்டினாள். கண் நிறைந்து எண் மங்கலாகத் தெரிந்தாலும் சரியான நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். நானூறு மீட்டர், ஒரு நிமிஷம் மூன்று செகண்ட். கல்லூரியில் யாரும் அந்த நேரத்தில் சுற்றியதில்லை.

வண்டி எல்லைக் கோட்டில் நின்றது. அதற்கு ஒன்பது அடி பின்னால் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருந்தார்கள். இரண்டு நிமிஷத்துக்குள் ரிவர்ஸில் வந்து கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கட்டத்துக்கும் பின்னால், நாற்பது அடி தள்ளி, வேப்பமரத்தடியில் செண்பகவல்லி நின்றாள். சத்தம் அடங்கிவிட்டது. வண்டியில் நாலு முதுகுகள் தெரிந்தன. கோமதிநாயகம் சார் தங்கமானவர் என்று பொன்மாரி ஆரம்பித்தாள், யாரும் ஆமாம் போடவில்லை. ஒரு நிமிஷம் போனது. செண்பகவல்லி மனசுக்குள் ரிவர்ஸுக்கான பத்து மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு, கழித்தாலும் பாஸ்தான் என்று கணக்குப் பார்த்தாள்.

அப்போது மைதீன் பேசினான். அவள் காதில் விழுந்தது பாதிதான், மீதியைப் பிற்பாடு பொன்மாரி சொல்லித் தெரிந்துகொண்டாள்.

"எனக்கு இடது கால் முக்கால் இஞ்ச் குட்டை," என்றான். "எங்க வீட்டுல தவிர யாருக்கும் தெரியாது. நான் அவகிட்ட சொன்னதே இல்ல. இந்த இடது பெடல்ல மட்டும் முக்கால் இஞ்ச்சுக்குக் கட்டை வச்சிருக்கா. அவளும் எங்கிட்ட சொன்னதே இல்ல."

செயின் இல்லாத வண்டிக்குப் பெடல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து ஜெபஸ்டின் ஆரம்பித்தான். ஆறாவது வாரத்தில் தன் வெல்டிங் விட்டுப்போய் ஃபிரேம் பிளந்தபோது, தப்பு வரைபடத்தில்தான் என்று அவள் கோமதிநாயகத்திடம் போய்ச் சொல்லித் திட்டு வாங்கினாள், வரைபடத்தில் ஒரு தப்பும் இல்லை என்றான். நான் பேசும்போது கையில போனை எடுக்காத ஒரே ஆளு அவதான், முழுசாக் கேப்பா, கேட்டுட்டு மூணாவது சொன்னது தப்புன்னு சொல்லுவா, ஆனா முழுசாக் கேப்பா, என்றாள் பொன்மாரி. கடைசியில் எல்லோரும் தேர்வாளரைப் பார்த்தார்கள். ஞானசிகாமணி சீட்டில் ஒருதரம் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். பலமாகவே அசைந்து பார்த்தார்.

"இந்தச் சீட்டு முனகலையே," என்றார். "எல்லாரும் என் எடையைப் பாத்துச் சிரிப்பாங்க. ஒருத்தராவது கேட்டு எழுதினதில்ல."

வண்டி பின்னால் வந்தது. மெல்ல வந்தது, ஒன்பது அடியைக் கடந்தது, கட்டத்துக்குள் நாலு சக்கரமும் கச்சிதமாக வந்து சேர்ந்தது, நிற்கவில்லை. பிரேக்கைப் பொன்மாரி இரண்டு கையாலும் பிடித்தாள், நிற்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு, எடை மிஷினை ஒதுக்கித் தள்ளிவிட்டு, நாலு பேரின் முதுகும் அவளை நோக்கி வர வர, செண்பகவல்லி விலகியிருக்க வேண்டும், அவள் விலகாமல் அது கட்டத்துக்குள் வந்த நேரத்தைக் கொடியின் காம்பில் குறித்துக்கொண்டு நின்றாள். வண்டியின் பின்சக்கரம் வந்து அவள் ஷூவின் மேல் ஏறி, அங்கே நின்றது.

வலித்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. ஞானசிகாமணிதான் முதலில் இறங்கினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், அவள் முகத்தைப் பார்க்காமல் மதிப்பெண் தாளில் எழுதினார். ரிவர்ஸுக்குப் பத்துக்கு எட்டு, கட்டத்தைத் தாண்டி வந்ததால் இரண்டு குறைவு என்று சொல்லிவிட்டு, எல்லைக் கோட்டுப் பக்கம் போட்டிருந்த மேஜையை நோக்கி நடந்தார்.

செண்பகவல்லி காலை உருவிக்கொண்டாள். கொடியை மரத்தில் சாய்த்து வைத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விதிப் புத்தகத்தை எடுத்து, நொண்டிக்கொண்டே அவர் பின்னால் போனாள்.

"சார், கட்டத்துக்குள்ள வரணும்னுதான் இருக்கு. ஒரு நிமிஷம் ஐம்பத்தொரு செகண்டுல வந்துச்சு. தாண்டிப் போகக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துல சார் இருக்கு?"

வண்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பிச்சுட்டா, என்றாள் பொன்மாரி. ரெண்டு மார்க் வாங்காம இனி அந்த மனுஷனை வீட்டுக்கு விட மாட்டா, என்றான் ஜெபஸ்டின். எனக்குப் பசிக்குது, இவ வந்து சேர்ற வரைக்கும் கேன்டீன் பக்கம் போக முடியாது, என்றான் மைதீன். அவன் பாவம் என்று சொல்லவில்லை. வண்டி அசைந்து, உருண்டு, மெதுவாக அவள் பின்னாலேயே போனது.